பக்கத்துக் கட்டில் காய்ச்சல்

வீடு வாசல், நகை நட்டு, பிள்ளைகளின் படிப்பு என்று மனிதர்கள் பொறாமைப்பட எவ்வளவோ இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இருபத்தாறு வருடமாக மேனேஜராக இருக்கிறேன். எல்லா வகைப் பொறாமையையும் பந்தியிலும் மேடையிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு நூற்றிரண்டு டிகிரி அடிக்கிறதே, நமக்குத் தொண்ணூற்றெட்டைத் தாண்டமாட்டேன் என்கிறதே என்று வயிறெரிந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தக் கட்டில்காரரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெயர் தெரியும், இங்கே வேண்டாம். செட்டியார்பட்டியில் பத்து மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். எதையாவது உற்றுப் பார்க்கவேண்டுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொருளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். அப்படிக் கொண்டுபோனால் அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

அவரால் எதையும் சும்மா விடமுடியாது. அவரைப் பற்றிச் சொல்ல இருப்பது மொத்தமும் இதுதான். ஷேர் ஆட்டோக்காரர் ஒரு ஆள் கூடுதலாக ஏற்றினால் இறங்கி நின்றுகொண்டு வண்டியை நகரவிடமாட்டார். நைட்டியின் கழுத்துப் பட்டியில் நூல் நிறம் ஒரு சாயல் மாறியிருந்ததென்று ஒரு கட்டு முழுவதையும் பிரித்துத் தைக்க வைத்திருக்கிறார். "வாங்குறவளுக்குத் தெரியவா போகுது?" என்று தைக்கிற பெண் கேட்டாளாம். "எனக்குத் தெரியுதுல்லா?" என்றாராம். 

நான் நேர் எதிர். என் தொழில் அப்படி. மாப்பிள்ளை வீட்டார் ரசத்தில் உப்பில்லை என்றால் ஆமாம் என்பேன். பெண் வீட்டார் சரியாகத்தானே இருக்கிறது என்றால் அதற்கும் ஆமாம் என்பேன். எது வந்தாலும் அனுசரித்து, சிரித்து, அனுப்பி வைத்துவிடுவேன். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர்.

எங்கள் இருவருக்கும் வந்தது ஒரே நோய். சிறுநீர்ப்பையில் புற்று. அது வந்தது தெரிந்த விதத்திலேயே எங்கள் லட்சணம் தெரிந்துவிடும். அவருக்கு நீர்க்கடுப்பு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சரியாகவில்லை. திரும்ப அதே மாத்திரை. மூன்றாவது முறையும் அதே சீட்டை எழுதியபோது, "இதத்தான் ரெண்டு தடவ முழுங்கியாச்சே, உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க" என்று நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள், தெரிந்தது. எனக்கு ஒருநாள் காலையில் சிறுநீர் நாவல்பழச் சாறு மாதிரி போனது. வலியில்லை. மறுநாள் சாதாரணமாகிவிட்டது. சூடாக இருக்கும் என்று இளநீர் குடித்தேன். இரண்டு மாதம் கழித்து ஒருமுறை வந்தது, போனது. வந்ததுதான் போய்விட்டதே என்று எட்டு மாதம் அதையும் அனுசரித்துக்கொண்டேன்.

இராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மதுரையிலிருந்து சிறுநீரக டாக்டர் சனிக்கிழமைதோறும் வந்து பார்ப்பார். இருவருக்கும் உள்ளே கருவி விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார். சுரண்டிய இடத்தில் மறுபடி முளைக்காமலிருக்க ஆறு வாரம் மருந்து போடவேண்டும் என்றார். அதற்கும் அடங்காமல் ஆழமாக இறங்கினால் பையையே எடுக்க வேண்டியதுதான். வயிற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் பை ஒட்டி, ஆயுசுக்கும் அதில்தான் சிறுநீர் போகும். இதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து என் நினைப்பு முழுக்க அந்தப் பிளாஸ்டிக் பைதான். பட்டு வேட்டிக்குள் அதைக் கட்டிக்கொண்டு மண்டப வாசலில் நின்று வாங்க வாங்க என்று எப்படிச் சொல்வது?

ஆறு வாரத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கேட்டபோது, காயம் ஆறியதும் உடனே என்று சொல்லியிருக்கவேண்டும். நான் காலண்டரைப் பார்த்தேன். ஆவணியில் முகூர்த்தம் நெருக்கம். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிற மாதம். "புரட்டாசியில வச்சுக்கலாம் சார்" என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்காவுக்கும் புரட்டாசியில்தான் காயம் ஆறியது. அப்படித்தான் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது.

மருந்து என்ன தெரியுமா? பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிற காசநோய்த் தடுப்பூசி இருக்கிறதே, அதேதான். உயிருள்ள கிருமி, வீரியம் குறைந்தது. அதைக் கரைத்து மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். மருந்து எல்லாப் பக்கமும் படவேண்டும் என்பதால் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மல்லாந்து, இடது, வலது, குப்புற என்று புரளவேண்டும். நடுவில் ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் அக்கா புரள்கிற சத்தம் கேட்டதும் நான் புரள்வேன். நர்ஸ் வந்து சொல்லும்வரை காத்திருக்கமாட்டார். செல்போனில் அலாரம் வைத்திருந்தார்.

"சிஸ்டர், ரெண்டு நிமிஷம் லேட்டு."

"ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாதும்மா."

"ஒங்களுக்கு ஆகாது. மருந்து எனக்குல்லா போட்டுருக்கு."

முதல் சனிக்கிழமை நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து நர்ஸைப் பார்த்து, போகட்டும் விடுங்கள் என்பதுபோல் சிரித்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கும் போல. "யாரு தம்பி அது சிரிக்கிறது? நீயும் குப்புறப் படு. ஒனக்கும் சேத்துத்தான் கேக்கேன்" என்றார். படுத்தேன்.

இரண்டாம் வாரம் டாக்டரிடம், தடுப்பூசிக்கும் புற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். உடம்பில் காவலுக்கு அணுக்கள் இருக்கின்றன, புற்று நம் உடம்பிலிருந்தே முளைத்தது என்பதால் அதை நம் ஆள் என்று நினைத்து விட்டுவிடுகின்றன, இந்தக் கிருமி உள்ளே போனால் அந்நியன் வந்துவிட்டான் என்று திரண்டு வரும், வந்த வேகத்தில் புற்றையும் அடையாளம் கண்டு அடிக்கும் என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. பந்தியில் யாரென்றே தெரியாத ஒருவன் உட்கார்ந்து சாப்பிடுவான். பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்பார்கள். வாசலில் எவனாவது குடித்துவிட்டு ரகளை செய்தால்தான், யார் யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். எத்தனை கல்யாணத்தில் அப்படிப்பட்ட ஆளுக்கு நானே பாயசம் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். என் உடம்பும் என்னைப் போலத்தானே இருக்கும்? அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

அக்காவின் உடம்பு அவரைப் போலவே இருந்தது. முதல் மருந்துக்கே அன்று சாயங்காலம் குளிர் நடுக்கம், நூற்றொன்று. இரண்டாவதுக்கு நூற்றிரண்டு. சிறுநீர் போகும்போது மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிகிறது என்றார். மறுநாள் தணிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை டாக்டரிடம் இதையெல்லாம் புகார்ப் பட்டியலாக வாசித்தார். டாக்டர் முகம் மலர்ந்தது. "நல்ல ரியாக்‌ஷன்மா. உடம்பு முழிச்சுக்கிச்சு. சண்டை போடுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல சார். லேசா எரிச்சல்."

"சரி, சரி" என்று எழுதிக்கொண்டார்.

அந்த "சரி, சரி" ஒரு வாரம் என் காதிலேயே இருந்தது. பரீட்சை பேப்பரில் பக்கத்துப் பையனுக்கு நூறு போட்டுவிட்டு நமக்கு மார்க்கே போடாமல் விட்டால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது.

அக்கா என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும், ஞாயிறு காலையும் போன் வரும். வணக்கம் கிணக்கம் கிடையாது.

"எம்புட்டு?"

"தொண்ணூத்தெட்டு அக்கா. உங்களுக்கு?"

"நூத்தி ரெண்டு. பல்லு கிட்டிக்கிட்டு வருது. மூணு போர்வ போத்தியும் நிக்கல. நீ குடுத்து வச்சவன், நிம்மதியா இரி."

நிம்மதியா இரி என்று அவர் சொன்னபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுங்குகிற குரலில் அவர் பெருமையடிப்பதாகவே எனக்குப் பட்டது. போனை வைத்தபின் தெர்மாமீட்டரை உதறி மறுபடி நாக்குக்கடியில் வைத்துக்கொள்வேன். சுக்குக் காப்பி குடித்துவிட்டு வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். யாரை ஏமாற்ற?

இன்னொன்று. சின்ன வயதில் தோளில் போட்ட அதே தடுப்பூசியின் தழும்பு அக்காவுக்கு எட்டணா நாணயம் அகலத்துக்கு இருந்தது. சட்டைக் கையை ஏற்றி நானும் தேடினேன். எனக்கும் போட்டதாக அம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு புள்ளிகூட இல்லை. "அப்பவே ஒன் ஒடம்பு சரி சரின்னு விட்டுருச்சா?" என்று அக்கா சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, புரட்டாசிச் சனியென்பதால் எங்கள் ஊர்ப் பக்கத்து மலைக்கோயிலான திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் நெருக்கியடித்தது. எல்லாரும் கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் பெருமாளிடம் காய்ச்சல் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அவரைக் குளிர்விக்கலாம் என்று ஒருமுறை பால்கோவா வாங்கிப் போனேன். இருபது வருடமாக நான் வாங்கும் கடை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு விள்ளல் வாயில் போட்டார். "பாலு சரியாச் சுண்டல தம்பி. அவசரத்துக்கு எறக்கியிருக்கான்." நானும் ஒரு விள்ளல் எடுத்துப் போட்டேன். உண்மைதான். இருபது வருடமாகத் தின்றும் எனக்குத் தெரியாத ஒன்று அவருக்கு ஒரு வாயில் தெரிந்துவிட்டது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

நாலாவது சனிக்கிழமை டாக்டர், "எப்படியிருக்கீங்க?" என்று கேட்டதும் என் வாய் தானாகத் திறந்தது.

"நல்ல காய்ச்சல் சார். நூத்திரெண்டு. பல்லு கிட்டிக்கிட்டு வந்துச்சு. மூணு போர்வை போர்த்தியும் நிக்கல."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவுக்கு ஒருநாள்தானே, நமக்குக் கூட இருக்கட்டும் என்று, "மூணு நாள் விடல சார்" என்றேன்.

பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "மூணு நாளா? ஏன் உடனே சொல்லல? கிருமி ரத்தத்துல கலந்திருந்தா ஆபத்து. இன்னிக்கு மருந்து வேண்டாம். டெஸ்ட் எல்லாம் பாக்கணும். தேவைப்பட்டா இதோட நிறுத்திட்டு காசநோய் மாத்திரை ஆரம்பிக்கணும்."

மருந்தை நிறுத்தினால் புற்று வளரும். புற்று வளர்ந்தால் பிளாஸ்டிக் பை. பொய் சொன்னேன் சார் என்று மூன்று வார்த்தை சொல்லவேண்டும். நல்ல மனுஷன் என்று பெயரெடுத்தவனுக்கு வாய் வரவில்லை. "சரி சார்" என்றேன். எழுந்துகூட விட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கணீரென்று வந்தது.

"டாக்டர், இந்தத் தம்பி பொய் சொல்லுது."

திரையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "போன சனிக்கிழம சாயந்தரம் நான் கேட்டேன், தொண்ணூத்தெட்டுன்னுச்சு. ஞாயித்துக்கிழமையும் அதான். திங்கக்கிழம மண்டபத்துல வெள்ளையடிக்க ஏணி பிடிச்சிக்கிட்டு நின்னுருக்கு, அதுவே சொன்னது. மூணு போர்வ போத்துனது நான். என் காய்ச்சல எடுத்து அது காய்ச்சல்னு சொல்லுது. மருந்தப் போடுங்க அதுக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். வாசலில் காத்திருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி, சிறுநீரும் ரத்தமும் எடுத்து, காய்ச்சல் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின்தான் மருந்து போட்டார். "காய்ச்சல் மார்க் இல்ல சார். வந்தா உடம்பு கவனிச்சிருச்சுன்னு ஒரு அறிகுறி, அவ்வளவுதான். வரலேன்னா வேலை நடக்கலேன்னு அர்த்தமில்ல. வந்தவங்களுக்கெல்லாம் குணமாகும்னு எழுதியும் தரமுடியாது" என்றார். எனக்குச் சமாதானம் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு மணி நேரமும் அக்காவோடு பேசவில்லை. மிச்சமிருந்த இரண்டு வாரமும் பேசவில்லை. என் மருந்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று புத்திக்குத் தெரிந்தது. அவமானப்படுத்தினார் என்பதுதான் மனசில் நின்றது. அவர் போன் செய்தால் மனைவியை எடுக்கச் சொன்னேன். அப்போதும் விடவில்லை. "எம்புட்டுன்னு கேட்டுச் சொல்லும்மா" என்று அவளிடம் கேட்டுக்கொண்டார்.

மார்கழியில் சோதனை. கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சுத்தமாக இருக்கிறது, எங்கும் முளைக்கவில்லை என்றார் டாக்டர். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். தை பிறந்ததும் மூன்று வாரத்துக்கு மறுபடி மருந்து போடவேண்டும், பிறகு இடைவெளி விட்டு மூன்று வருடம் வரை போடலாம் என்றார். நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. அடுத்து அக்கா உள்ளே போனார். நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் வெளியே வரும்போது ஜெயித்த என் முகத்தைப் பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இதை ஒளிக்க ஒன்றுமில்லை.

வெகு நேரம் கழித்து வந்தார். நர்ஸ் நீட்டிய தாள்களில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. என்ன தாள் என்று கேட்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மறுபடி வந்துருக்காம். முந்தினதவிட ஆழமா. பைய எடுத்துறணும்ங்காரு." பிறகு, "ஒனக்கு?"

"சுத்தமா இருக்காம் அக்கா."

என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார். "ஒருநா கூட ஒனக்குக் காய்ச்சல் வரலயே" என்றார். "ஆறு வாரமும் நான்லா கொதிச்சேன்."

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. ஆறு வாரம் நான் அவரைப் பார்த்தது அப்படித்தான். எனக்குப் பரிதாபம் வந்திருக்கவேண்டும். அப்புறம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது பரிதாபமில்லை. முதலில் இனித்தது.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. பையை எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வைத்து வயிற்றுக்கு வெளியே வழி செய்து விட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டும் நான் உடனே போகவில்லை. தை மாதம், முகூர்த்தம் ஒன்றுக்கு மேல் ஒன்று. முகூர்த்தத்தைச் சொல்லித்தான் என் மூன்று வார மருந்தையும் தள்ளி வைத்திருந்தேன். சுத்தமாகத்தானே இருக்கிறது, மாசி கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் செட்டியார்பட்டிக்குப் போனேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாகிவிட்டார். நைட்டிக்கு மேல் இடுப்புப் பக்கம் கையை வைத்தபடியே இருந்தார். பை ஓரம் கசிகிறது, வாங்கிய கடையில் இரண்டு முறை மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், நன்றாகத் தேறிவிடுவீர்கள் அக்கா, எல்லாம் சரியாகிவிடும் என்று மண்டபத்தில் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தேன்.

"அத விடு. தை மருந்து போட்டியா?"

"இல்லக்கா. முகூர்த்தம். மாசி கடைசியில..."

நிமிர்ந்தார். "இன்னைக்கி என்ன கெழம?"

"சனி."

"டாக்டரு எத்தன மணிவரைக்கும் இருப்பாரு?"

"ஒரு மணி."

"பொறவு இங்க என்ன பண்ணுத நீ?"

மிஷின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் ஏறியது. வெளியே ஒரு மிஷின் நின்றது.

"எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு தம்பி ஒன்னப் பாத்தா. நெசமாத்தான் சொல்லுதேன். நீ வாசப்படி ஏறி வரும்போதே இருந்துச்சு. இவன் ரெண்டு காலுல நின்னு ஒண்ணுக்குப் போவான், நான் இதக் கட்டிக்கிட்டுக் கெடக்கணும்னு இருந்துச்சு. நான் கொதிச்சதுக்கு எனக்குல்லா கெடச்சிருக்கணும். ஒனக்குக் கெடச்சிருக்கு. கெடச்சத முகூர்த்தம்னு சொல்லி விட்டுட்டு வந்து நிக்க. போ. போயி போட்டுட்டு வா."

வயிற்றெரிச்சல் என்ற அந்தச் சொல்லை நான் நாலு மாதம் யாரிடமும், மனைவியிடம்கூட, சொன்னதில்லை. அவர் ஒரே மூச்சில் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"எனக்கும் இருந்துச்சுக்கா" என்றேன். "உங்க காய்ச்சல் மேல."

"தெரியும். இல்லன்னா எதுக்குப் பொய் சொல்லுத? மணி பதினொண்ணே முக்கா. கெளம்பு."

கிளம்பினேன். பன்னிரண்டரைக்கு மருந்து போட்டார்கள். அதற்கப்புறம் அவர் இரண்டு வருடம் இருந்தார். கடைசி ஆறு மாதம் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தபோதுகூட, என் மருந்து நாளைத் தேதியோடு ஞாபகம் வைத்துப் போன் செய்து விரட்டினார். ஒவ்வொரு முறையும் குரலில் அந்த எரிச்சல் இருந்தது. ஒரு தடவைகூட அதை மறைக்கவில்லை, ஒரு தடவைகூட என்னை விடவும் இல்லை.

என் சிறுநீர்ப்பை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அவரும் என்மேல் பொறாமைப்பட்டார், நானும் அவர்மேல் பொறாமைப்பட்டேன். அவர் அந்தப் பொறாமையோடேயே என்னை மருந்துக்குத் துரத்தினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தைக் காட்டினேன்.